சீருடையைக் கழற்றிய விமானி

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருப்பவர் விமானம் ஏறப் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போக வேண்டும். அந்த மதுரை விமானத் திடலும் இரண்டாம் உலகப்போரில் விமானப்படைக்காக எழுந்ததே.

திடலைப் போலவே படை விமானியும் வணிக விமானத்துக்கு மாறுவது இந்திய விமானச் சேவையின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் விமானப்படையை விட்டு வந்த நெவில் வின்சென்ட், 1929-இல் இந்தியாவில் ஊர் ஊராக விமானச் சவாரி காட்டிப் பிழைத்தார். தபால் விமான யோசனையை ஜே.ஆர்.டி. டாட்டாவிடம் கொண்டுபோனவரும் அவரே. அரசு மானியம் தர மறுத்தது, மானியமின்றியே தொடங்கினார்கள். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்கு டாட்டா ஓட்டிவந்த தபாலை, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் வின்சென்ட். பெருமையெல்லாம் முதலாளிக்கே போனது, வழக்கம்போல!

இன்று கணக்கு வேறு. விமானப்படையில் நிரந்தர ஆணையில் (கமிஷன்) இருக்கும் அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டு பணி வேண்டும்; குறுகிய கால ஆணையில் பறப்பவருக்குப் பணிக்காலமே 14 ஆண்டுதான், ஓய்வூதியம் இல்லை. வணிக விமானத்திலோ 65 வயது வரை ஓட்டலாம். ஆக, நாற்பதைத் தாண்டி வெளியேறுபவருக்கும் இருபது ஆண்டு மிச்சம். ஆனால் புதிய நிறுவனத்தின் பணிமூப்பு வரிசையில் கடைசி இடம்.

வின்சென்ட்டுக்கு ஓய்வுக்காலமே வாய்க்கவில்லை. 1942-இல், போர்க்காலப் பயணமொன்றில், பிரிட்டனிலிருந்து இந்தியா திரும்பும் வழியில் அவர் சென்ற விமானம் வீடு சேரவில்லை.