அச்சேறாத இனிப்புகள்

மேலைநாட்டார் கிறிஸ்துமஸ் காலத்தில் வீட்டில் செய்யும் மிட்டாய்களைக் ‘கேண்டி’ என்பர். இச்சொல்லின் வேரைத் தேடிப் போனால் நம் பக்கத்திலேயே வந்து நிற்க நேரிடும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்ற அச்சொல், அதற்கு முன் அரபியிலும் பாரசீகத்திலும் ‘கந்த்’ என வழங்கியது; வடமொழியில் ‘கண்ட’. தமிழின் ‘கண்டு’, ‘கட்டி’ ஆகியவற்றோடு இதற்கு உறவிருக்கலாம் எனக் கருதும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும், கற்கண்டும் கேண்டியும் ஒரே குடும்பத்தவை. இறக்குமதிச் சரக்கு என நாம் எண்ணுவது, இங்கிருந்து மேற்கே போய் வேற்று உடையில் திரும்பி வந்த ஒன்றாகவும் இருக்கலாம்.

தென்தமிழகக் கிறிஸ்துமஸ் பலகாரங்களை இந்த நோக்கில் காண்பது நன்று. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் சவேரியார் அக்கடற்கரைக்கு வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். இவ்வருகைகளின் தடம் நம் மொழியில் உண்டு. சாவியும் மேசையும் ஜன்னலும் அலமாரியும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றவை. சொற்களுக்குக் கிடைத்த கவனம் அடுப்படிக்குக் கிடைக்கவில்லை என்பதே நம் குறை.

முந்திரிப்பருப்பை எடுத்துக்கொள்வோம். அம்மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைக்கு வந்தது. ‘முந்திரி’ என்ற சொல்லோ அதனினும் பழையது. முந்திரிகை என்றால் கொடிமுந்திரி, அதாவது திராட்சை. மலையாளத்தில் முந்திரி இன்றும் திராட்சைதான். புதிதாக வந்த பருப்புக்கு நாம் பழைய பெயரைச் சூட்டிவிட்டோம். ஐரோப்பாவில் பாதாம் சேர்த்துச் செய்யப்படும் மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரித் தூளையும் முட்டையின் வெண்கருவையும் சீனியையும் கொண்டு கூம்பு வடிவில் எழுந்ததும் அத்தகைய பெயர்ச்சியே. வடிவம் வெளியிலிருந்து வந்தது, உள்ளீடு இம்மண்ணிலிருந்து.

அச்சு முறுக்கின் கதை இன்னும் நீளமானது. கேரளத்தில் அது அச்சப்பம். இலங்கையில் கொகிஸ், டச்சு மொழியில் சிறு பலகாரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அங்கே அது சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் இடம்பெறுகிறது. பலகாரம் எந்தச் சமயத்துக்கும் பட்டா எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எங்கள் பிள்ளைப் பருவத்தில், 1980களில், டிசம்பர் இரண்டாம் வாரம் பிறந்தாலே வீடுகளில் தேங்காய்ப்பால் மணக்கத் தொடங்கும். ரேஷன் சீனியை நவம்பரிலிருந்தே மிச்சம் பிடித்து வைத்திருப்பார்கள். கல்கல் செய்ய மைதாவும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டித் தருவது பெரியவர் வேலை. அதற்கென்றே வாங்கிய புதுச் சீப்பின் மேலோ முட்கரண்டியின் முதுகிலோ அழுத்திச் சுருட்டிச் சிப்பியாக்குவது எங்கள் வேலை. கோவாவில் இதனைக் ‘கிட்யோ’ என்பர். புழு என்று பொருள். எங்கள் கண்ணுக்கோ அது கடற்கரைச் சோழியாகவே தெரிந்தது. உடைந்தவை பிள்ளைகளுக்கு, முழுமையானவை பிஸ்கட் தகர டப்பாவுக்கு என்பது எழுதாச் சட்டம். ஆகவே எங்கள் கையில் அடிக்கடி சில உடையும்.

அச்சு முறுக்கு மட்டும் எங்களிடம் வராது. அச்சை முதலில் காய்ந்த எண்ணெயில் முக்கிச் சூடேற்ற வேண்டும். பிறகு மாவில் முக்கால் பங்கு மட்டுமே அமிழ்த்த வேண்டும். முழுதும் மூழ்கினால் மாவு அச்சைக் கவ்விக்கொள்ளும், எண்ணெயில் கழலாது. இந்த முக்கால் பங்கு கணக்கு ஆச்சியின் மணிக்கட்டில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ‘பதம் பார்த்து’ என்பதே விடை.

கிறிஸ்துமஸ் காலையில் துணி போர்த்திய தட்டுகள் தெருவில் வீடு வீடாகப் போகும். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் வந்த வீடுகளுக்கு அவை போகும். ரம்ஜானுக்குப் பிரியாணி அனுப்பும் வீட்டுக்கும் போகும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பலாகாது என்பதால் சிறிது சீனியேனும் அதில் வைத்துத் தருவார்கள். அண்டை வீட்டார் நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசக் கேட்டதற்கு வெகுகாலம் முன்பே, நாங்கள் அதனைத் தட்டில் ஏந்திச் சுமந்திருக்கிறோம்.

இன்று கேக்கும் பெட்டி இனிப்பும் கடையில் கிடைக்கின்றன. அதனைக் குறை சொல்வதற்கில்லை. வாரம் ஆறு நாள் பணிக்குச் செல்லும் பெண்களை இரவெல்லாம் அடுப்பருகே நிறுத்திவிட்டு மரபைப் புகழ்வது நியாயமாகாது. அந்த உழைப்பை வீட்டு ஆண்கள் அன்றும் பெரிதாகப் பகிர்ந்துகொண்டதில்லை. நம் கவலை வேறு. 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் என அதனை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். அதே கடற்கரையில் வெந்த பலகாரங்களைப் பற்றி, வீட்டுப் பெண்கள் தம் கையால் எழுதிவைத்த குறிப்புகள் அரிதினும் அரிது. எழுத்தறிவு அவர்களுக்கு வெகுகாலம் எட்டவில்லை. எட்டியபின் அதை எழுதத்தக்கது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆகவே அந்தக் கை ஓயும்போது ஒரு சுவடி எரிந்ததற்கு நிகரான இழப்பு நேர்கிறது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் வீட்டு மூத்த பெண்களிடம் அமர்ந்து, எத்தனை தேங்காய்க்கு எத்தனை படி மாவு என்று கேட்டு எழுதி வையுங்கள். ‘பதம்’ என்று அவர்கள் சொல்லும் இடத்தில் எழுதுகோலை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று நீங்களும் அச்சைப் பிடியுங்கள்.