நிலாவுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது

2015 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. தீபாவளி முடிந்து மூன்று நாள். முற்பகல் 11.50 அளவில், இலங்கையின் தெற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தள்ளி, வானத்திலிருந்து ஒரு பொருள் எரிந்துகொண்டே வந்து கடலில் விழுந்தது. பதுளை மாவட்டத்தின் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் அது பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். தென்கரையில் காத்திருந்தவர்களுக்கே மேகம் மறைத்துவிட்டது என்னும்போது, நமுனுகுல மலைச் சரிவில் நின்றவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்?

விழுந்த பொருளின் கதை புளோரிடாவில் தொடங்குகிறது. 1998 ஜனவரியில் கேப் கனவரலிலிருந்து நாசாவின் லூனார் புரொஸ்பெக்டர் என்ற ஆளில்லாக் கலம் புறப்பட்டது. ஏதெனா ரொக்கெட் அதைப் பூமியைச் சுற்றும் பாதைவரை கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து நிலாவின் பக்கம் தள்ளிவிட, திண்ம எரிபொருள் நிரப்பிய சின்ன மோட்டார் ஒன்று பூட்டியிருந்தார்கள். அது ஒரு நிமிடம் போல எரிந்தது, கலத்தைக் கழற்றிவிட்டது, அதோடு அதன் சேவகம் தீர்ந்தது. கலம் போன அதே வேகத்தில் வெற்றுக் கூடும் பின்னாலேயே போனது. நிலாவை அடைந்ததும் வேகத்தைக் குறைத்து அங்கேயே தங்கக் கலத்திடம் எரிபொருள் இருந்தது. கூட்டிடம் ஒன்றும் இல்லை.

கலத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். துருவங்களில் நீர்ப்பனி இருப்பதற்கான தடயத்தைக் கண்டது; 1999 ஜூலை 31இல் நிலாவின் தென்துருவத்தருகே வேண்டுமென்றே மோதவிட்டார்கள். உள்ளே யூஜின் ஷூமேக்கரின் அஸ்தியில் ஒரு சிட்டிகை இருந்தது. அரிசோனாவின் பெரும் பள்ளம் விண்கல் விழுந்து உண்டானதென்று நிறுவியவர், 1994இல் வியாழனில் மோதிய வால்வெள்ளியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். மோதலையே வாழ்நாள் படிப்பாகக் கொண்ட மனிதர், மோதித்தான் நிலாவைச் சேர்ந்தார்.

கூட்டை யாரும் தேடவில்லை. பூமிக்கு அருகே சுற்றும் குப்பைகளுக்குக் கணக்கு உண்டு. நிலா தூரத்தில் அலைவதைக் கவனிப்பது எவருடைய உத்தியோகமும் இல்லை. நிலாவின் ஈர்ப்பு ஒரு பக்கம் இழுக்க, சூரியன் இன்னொரு பக்கம் இழுக்க, பாதை ஒரு சுற்றைப் போல மறு சுற்று இல்லாமல் போனது. கடைசிக் காலத்தில் அது நிலாவைப்போல இரண்டு மடங்கு தூரம்வரை போய், சுமார் மூன்று கிழமைக்கு ஒருமுறை பூமிப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

2015 ஒக்டோபர் 3 அன்று, ஆபத்தான சிறுகோள்களைத் தேடும் அரிசோனாவின் கட்டலினா தொலைநோக்கியில் அகப்பட்டது. வைத்த பெயர் டபிள்யூடி1190எஃப். பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தால், முந்திய ஆண்டுகளிலும் கண்ணில் பட்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அளவு ஒன்றிரண்டு மீற்றர். சூரிய வெளிச்சம் பட்டே அதன் பாதை கொஞ்சம் கொஞ்சமாய் விலகியது. வெளிச்சத்துக்கே நகர்வதென்றால் கல்லாக இருக்க முடியாது, உள்ளே வெறுமையான கூடு என்று கணித்தார்கள். அது லூனார் புரொஸ்பெக்டரைத் தள்ளிய மோட்டார்தான் என்பது பிறகு வந்த ஆய்வுகளில் மிகவும் பொருந்திவந்த விடை.

நாளும் நிமிடமும் குறித்தாகிவிட்டது. மீனவர்களை அந்தப் பகுதிக் கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள், வான்பரப்பிலும் தடை போட்டார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து விண்கல் ஆய்வாளர் பீட்டர் ஜெனிஸ்கென்ஸ் உள்ளிட்ட ஒரு குழு விமானமேறி, மேகத்துக்கு மேலிருந்து காத்திருந்தது. சொன்ன நேரத்துக்கு அது வந்தது. பட்டப்பகலில் துண்டுதுண்டாக உடைந்து எரிந்தது. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் டைட்டேனியம் ஒக்சைட்டின் சாயல் இருந்தது. ரொக்கெட் உலோகத்துக்கு அது பொருத்தம்.

இவ்வளவு ஆர்வம் ஒரு குப்பைக்கு எதற்கு? நிலா தூரத்திலிருந்து விழும் எதுவும், கல்லோ உலோகமோ, நம் காற்றுமண்டலத்தைத் தொடும்போது செக்கனுக்குச் சுமார் 11 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். பசறையிலிருந்து பதுளைக்கு, பஸ் வளைவு வளைவாக முக்கால் மணி நேரம் ஊர்ந்து போகும் தூரம் அதற்கு இரண்டு செக்கன். அந்த வேகத்தில் ஒரு கிலோ எடையுள்ள பொருளிடம் 14 கிலோ டிஎன்டி வெடிமருந்தின் சக்தி இருக்கும். ஆகவே நிலா உடைந்தால் அதன் துண்டுகள் எப்படி வந்து விழும் என்பதற்கு, முன்கூட்டியே நாள் குறித்து நேரில் பார்க்கக் கிடைத்த ஓர் ஒத்திகை இது.

அதே 2015இல், மே மாதம், நீல் ஸ்டீவன்சனின் ‘செவன்ஈவ்ஸ்’ நாவல் வந்திருந்தது. எடுத்த எடுப்பில் நிலா ஏழு துண்டாக உடைகிறது. காரணத்தை ஆசிரியர் சொல்வதே இல்லை. அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. நிலாவைச் சிதறடித்துப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் சக்தி, சூரியன் ஐந்து நிமிடத்துக்கு மேல் எல்லாத் திசையிலும் கொட்டும் மொத்தச் சக்திக்கு ஈடு. அதை யார் கொடுத்தார் என்று விளக்கப் போனால் கதை அங்கேயே படுத்துவிடும். அவர் விளக்குவது பிறகு நடப்பதை. உடைந்த ஏழு துண்டும் சேர்ந்து பழைய இடத்திலேயே சுற்றுவதால் கடலின் வற்றுப்பெருக்கு நிற்காது. (பௌர்ணமிப் போயா விடுமுறையை என்ன செய்வதென்று கொழும்பில் ஒரு குழு அமைப்பார்கள்.) ஆபத்து வேறு இடத்தில். துண்டோடு துண்டு மோதி எட்டாகும். துண்டு கூடக்கூட மோதலும் கூடும். இரண்டே ஆண்டில் கணக்கில்லாத கற்கள் பூமிமேல் கொட்டத் தொடங்கும். கல் தலையில் விழுந்து சாவதைவிட, எரியும் கற்களின் சூட்டில் வானமே அடுப்பாகிச் சாவதுதான் அங்கே நடப்பது.

நாவலில் என்னைப் பிடித்துவைத்தது அந்த இரண்டு ஆண்டுதான். நாள் எல்லோருக்கும் தெரியும். தப்பிப் போக விண்வெளியில் கொஞ்சம் இடம் உண்டு. நாடுகளிடம் சீட்டுக் குலுக்கி இளசுகளை அனுப்பச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி, மிச்சமிருக்கிற சனத்தை அமைதியாக வைத்திருக்கத்தான். எப்போது விழும் என்பது அங்கே தீர்ந்துபோன கேள்வி. எவருக்குப் போக இடம் உண்டு என்பதே மிச்சமுள்ள கதை.

ஊவாவில் இருப்பவனுக்கு இதைப் படிக்க வேறு கிரகம் தேவைப்படாது. 2014 ஒக்டோபர் 29 காலை, இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கித் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே தெரியவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆகாது என்று எச்சரித்திருந்தது. ஒன்றிரண்டு மீற்றர் கூட்டுக்கு நாற்பது நாள் அவகாசம் கிடைத்தது, கடலைக் காலி செய்தார்கள். மலைக்கு ஒன்பது வருட அவகாசம் இருந்தது. அந்தக் கூடு கடலில் விழுந்த நாளில், மீரியபெத்தையில் மிஞ்சிய குடும்பங்கள் மாக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இன்னும் இருந்தன.

விஞ்ஞானிகளைக் குறை சொல்லவில்லை. இரு இடத்திலும் அவர்கள் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். மீனவர் ஒரு நாள் கரையில் இருந்தால் போதும், மறுநாள் கடல் அங்கேயே இருக்கும். லயத்து ஆள் எழும்பி எங்கே போவது? அடியிலுள்ள நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது. காம்பராவுக்குப் பின்னால் மண் வெடித்திருப்பது தெரிந்தாலும், பக்கத்து மேட்டில் தானாக ஒரு குடிசை போட முடியாது. இப்போது மழை கூடினால் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வருகிறது, பசறையின் பெயர் அதில் அடிக்கடி இருக்கும். இரவு கோவிலிலோ பள்ளிக்கூடத்திலோ படுத்துவிட்டு, விடிந்ததும் வேலைப் பிரட்டுக்குப் போய், மாலையில் அதே லயத்துக்குத்தான் திரும்புகிறார்கள். மீரியபெத்தைக்காரர்களுக்குப் புது வீடு 2016இல் கிடைத்தது, மலை வந்து இரண்டு வருடம் கழித்து.