கூலிக்காரன் திரும்பி வந்தால்

ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். கோவிலில் கெட்ட குமாரன் கதையை வாசித்தாலே பாட்டி அழுவார். அவருடைய தம்பி, கள்ளுக்கடையில் சம்பளத்தை விட்டுவிட்டு ஓடிப்போனவர்.

தோட்டத்தில் 'ஓடிப்போனவன்' என்பது பழைய சொல். ஒப்பந்தக் கூலி ஓடினால் அன்றைய மலாயாவில் அது குற்றம். பிடிபட்டால் சிறைகூட உண்டு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது 1910இல்தான் நின்றது.

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதே கரையில், நாகப்பட்டினத்தில்தான் பிற்பாடு நம்மவர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

லூக்கா 15இல் ஓடுவது அப்பா. சொத்தை அழித்துவிட்டு வரும் மகனைத் தூரத்திலேயே பார்த்து, ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். 'கூலிக்காரர்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க நினைத்து வந்தவனுக்கு, அதைச் சொல்லவே வாய்ப்பில்லை. அதற்குள் செருப்பும் மோதிரமும் வந்துவிடுகின்றன.

கூலிக்காரர். உலகம் நம் பாட்டன்களைக் கூப்பிட்ட அதே சொல். கதையில் அப்பா அந்தச் சொல்லை ஏற்கவேயில்லை.

பாட்டியின் தம்பி கடைசிவரை வரவில்லை. "வெக்கப்பட்டே வரலடா. வந்திருந்தா நான் என்ன கணக்கா கேட்டிருக்கப் போறேன்?" என்பார் பாட்டி.