காட்டு வான்கோழி வேட்டையில் வனம் புகும் நேரம்

காட்டு வான்கோழி வேட்டையில் வனம் புகும் நேரம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வசந்த காலத்துச் சேவல் வேட்டைக்குச் செல்பவர், பொழுது புலருமுன் தாம் தேர்ந்த மரத்தடியில் போய் அமர்ந்துவிட வேண்டிய வேளையைக் குறிக்கும். சூரியோதயத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே அமர்ந்திருத்தல் அனுபவசாலிகளின் சம்பிரதாயம். நம் பஞ்சாங்கக் கணக்கில், உதயத்துக்கு முந்திய நான்காம், மூன்றாம் நாழிகைகளாகிய பிராம்ம முகூர்த்தத்துக்குள் அது அடங்கிவிடும். இத்தனை முன்னதாகப் போவதற்குப் பறவை சீக்கிரம் விழிப்பதே காரணமெனப் புதியவர்கள் எண்ணுவது இயல்பு. ஆயினும் மெய்யான காரணம் அதன் கண்தான்.

மெலியாகிரிஸ் காலோபாவோ என்று பிராணி நூலார் பெயரிட்டுள்ள இப்பக்ஷி, பகல் முழுதும் தரையில் மேய்ந்து திரிந்தாலும், இரவில் துஷ்ட மிருகங்களுக்கு அஞ்சி உயர்ந்த மரக்கிளைகளில் ஏறி உறங்கும் வழக்கமுடையது. முகர்ந்தறியும் சக்தி அதற்குச் சொற்பம். இருளில் பார்வையும் மங்கல். வெளிச்சம் வந்துவிட்டாலோ, தலையின் இருபுறமும் அமைந்த கண்களால், கழுத்தைச் சிறிது திருப்பிய மாத்திரத்தில் நாற்புறத்தையும் கண்டுகொள்ளும், நிறங்களைப் பகுத்தறியும், மரத்தோடு மரமாய் உட்கார்ந்திருப்பவரின் ஒரு விரல் அசைவையும் தவறவிடாது. ஆகவே அது அடைந்திருக்கும் மரத்தை மனிதன் நெருங்குவதற்கு வாய்த்த அவகாசம் இருட்டு ஒன்றே. கிளையில் இருக்கும் சேவல் உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது என்பதையும் மறக்கலாகாது. மனிதனுக்கு வழி தெரியத் தொடங்கும் அதே கணத்தில் மனிதனும் அதற்குத் தெரியத் தொடங்குகிறான்.

கீழ்வானம் சாம்பல் நிறம் கொள்ளும்போது, சிறு பறவைகள் சில பாடத் தொடங்க, ஆந்தைகள் கடைசிக் குரல் கொடுத்து ஓய, அதையடுத்துச் சேவல் கிளையில் இருந்தபடியே கொளகொளவென்று முழங்கத் தலைப்படும். அண்டை மரத்துப் பெட்டைகள் மெல்லிய குரலில் மறுமொழி சொல்லும். இந்தச் சம்பாஷணை அரை மணி நேரங்கூட நீளலாம். பிறகு, பெரும்பாலும் உதயத்துக்குச் சற்று முன்னோ பின்னோ, இறக்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கும். மேகமூட்டமும் தூறலும் உள்ள நாட்களில் இந்த இறக்கம் தாமதப்படும். பெரும்பான்மையான மாநிலங்களில் சுடுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் நேரம் உதயத்துக்கு அரை மணி முன்னர்த் தொடங்குகிறது. எனினும் கிளையில் அமர்ந்த பறவையைச் சுடுவது பல மாநிலங்களில் குற்றம், நல்ல வேட்டைக்காரர் நடுவே இழுக்கு.

நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரச் சுற்றுப்புறத்தை உதாரணமாகக் கொள்வோம். வசந்தப் பருவம் தொடங்கும் மே 1 அன்று அங்கே சூரியன் காலை 5:50-ஐ ஒட்டி உதிக்கிறது. சட்டப்படி 5:20-க்குச் சுடலாம். 5 மணி சுமாருக்கே சேவலின் குரல் எழுந்துவிடக்கூடும். ஆகவே 4:50-க்குள், தோள் அகலத்தினும் பருத்த ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, முகத்திரையும் கையுறையும் அணிந்து, காலடியில் சலசலக்கும் சருகை ஒதுக்கி, பொம்மைப் பெட்டை கொண்டுவந்திருந்தால் அதையும் நட்டு, ஓய்ந்திருக்க வேண்டும். அரை மைல் நடையை இருட்டில் ஓசையின்றி நடக்க அரை மணியாவது பிடிக்கும். ஆக, வண்டியை நிறுத்திக் கதவை மெல்லச் சாத்தும் நேரம் 4:15 என்று முடியும். மே மாத இறுதியில் உதயம் 5:20 அளவுக்கு முந்திவிடுவதால், தொடக்க நாளில் முறுக்கிவைத்த கடிகாரத்தையே பருவம் முழுதும் நம்புகிறவர் கடைசி வாரத்தில் அரை மணி பிந்தியே போய்ச் சேருவார்.

இந்தக் கணக்கெல்லாம் பறவை எந்த மரத்தில் இருக்கிறதென்று தெரிந்தால்தான் பயன் தரும். அதற்கான முயற்சி முதல்நாள் மாலையே தொடங்குகிறது. அந்தி வேளையில் ஆந்தையைப் போலவோ காக்கையைப் போலவோ ஓசை எழுப்பினால், அடைந்த சேவல் திடுக்கிட்டுத் தன்னையறியாமல் ஒரு முழக்கம் முழங்கும். கேட்டவர் அத்திசையைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவார். மறுநாள் அம்மரத்துக்கு நூறு முதல் இருநூறு கஜ தூரத்தில் அமர்வது வழக்கம். மரங்கள் இன்னும் தளிர்க்காத பருவத் தொடக்கத்தில் அதிகத் தூரமும், இலை அடர்ந்தபின் குறைந்த தூரமும் தகும். சருகு காய்ந்து கிடக்கும் காலத்தில் ஒவ்வோர் அடியும் காடெங்கும் கேட்கும். மழை பெய்து நனைந்த தரையிலோ, பிந்தி வந்தவரும் தப்பிவிடலாம்.

பிரதேசந்தோறும் இதில் வேற்றுமை உண்டு. புளோரிடாவின் ஆஸ்சியோலா இனம் சதுப்பு நிலத்து சைப்ரஸ் மரங்களில், தண்ணீருக்கு மேலே அடைவதை விரும்புவதால், நெருங்குகிறவர் முழங்கால் நீரில் நடக்க நேரிடும். டெக்ஸாஸின் வறண்ட வெளிகளில் வாழும் ரியோ கிராண்டே இனமோ, மரம் அரிதாகையால் ஆற்றோரத்துச் சில மரங்களிலேயே பெருங்கூட்டமாக அடையும். அங்கே ஒரு கண்ணுக்குத் தப்பினாலும் மற்றொன்றுக்குத் தப்புவது கடினம்.

பறவையின் சுபாவத்தோடு மனிதரின் போட்டியும் நேரத்தை முன்தள்ளியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடழிப்பாலும் வரம்பற்ற வேட்டையாலும் அருகிப்போயிருந்த காட்டு வான்கோழி, துப்பாக்கி, தோட்டாக்களின் மீதான வரியை வனப்பிராணிப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937-ஆம் ஆண்டுப் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தாலும், பறவைகளை வலையிட்டுப் பிடித்துப் புதிய காடுகளில் விட்ட முயற்சிகளாலும் மீண்டு பெருகியது. பறவை பெருகவே வேட்டைக்காரரும் பெருகினர். பொது நிலங்களில் பருவத்தின் முதல் நாளன்று வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்காகவே மூன்று மணிக்கு வந்து சேர்பவர் உண்டு. இதைப் பறவையியலில் சேர்ப்பது நியாயமாகாது.

பிந்தி வந்தவர் செய்யும் பெரிய பிழை, இழந்த நேரத்தை ஈடுகட்ட மரத்தை நோக்கி விரைவது. வெளிச்சம் வந்தபின் அருகில் போய்ச் சேவலை விரட்டியடிப்பதைக் காட்டிலும், நானூறு கஜத்துக்கு அப்பால் நின்ற இடத்திலேயே அமர்ந்துவிடுவது எவ்வளவோ மேல் என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. தரையிறங்கியதும் சேவல் பெட்டைகளின் பின்னே போய்விடுவதால், விடியலில் முழங்கிய பறவையே அடுத்த இரண்டு மணி நேரம், பெட்டையின் குரலைப் போலச் செய்து வேட்டைக்காரர் விடுக்கும் எந்த அழைப்புக்கும் செவிசாய்ப்பதில்லை. ஒன்பது, பத்து மணியளவில் பெட்டைகள் முட்டையிடக் கூடு நோக்கிப் பிரிய, தனித்து விடப்பட்ட சேவல் மறுபடி குரலைத் தேடி வரும்; வைகறையில் வீடு திரும்பியவர் இதை அறியார். நியூயார்க்கில் வசந்த வேட்டை நண்பகலோடு முடிந்துவிடுகிறது. பென்சில்வேனியாவில் பருவத்தின் முற்பகுதிக்கு மட்டுமே நண்பகல் எல்லை. பெரும்பாலான பெட்டைகள் அடைகாக்கத் தொடங்கிவிடும் பிற்பகுதியில் மாலையிலும் வேட்டையாடலாம்.