உரிமமும் மணிநேரமும்: அமெரிக்கக் கைரோபிராக்டர்களின் தொடர்கல்வி வரலாறு

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும் விரைந்து உந்தியும் சரிசெய்வதை முதன்மை முறையாகக் கொண்ட கைரோபிராக்டிக் என்னும் மருத்துவத் தொழில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள டாவன்போர்ட் நகரில் 1895ஆம் ஆண்டு பிறந்தது. அங்குக் காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர், முதுகெலும்புக் கணுக்கள் இடம் பிசகி நரம்புகளை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று கற்பித்தார். இக்கொள்கையைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லையெனினும், இடுப்புவலிக்கு இச்சிகிச்சை ஓரளவு பயன் தருகிறது என்பதை அவை மறுக்கவில்லை. இத்தொழிலுக்கு உரிமம் பெற்றவர் அதைப் புதுப்பிக்க ஒவ்வொரு தவணையிலும் இத்தனை மணிநேரம் படித்தாக வேண்டும் என்று இன்று அமெரிக்க மாநிலங்கள் விதித்திருக்கின்றன. பட்டம் பெற்றபின் தொடரும் இப்படிப்பே தொடர்கல்வி எனப்படுகிறது. அறிவு பெருகியதால் மட்டும் இது வந்துவிடவில்லை. படிப்பில்லாதவர் என்ற பழியைத் துடைக்க ஒரு தொழிலே நடத்திய நெடிய போராட்டம் இதற்குப் பின்னால் இருக்கிறது.

அப்பழி முற்றிலும் பொய்யன்று. பாமர் 1897இல் தொடங்கிய பள்ளியில் படிப்பு சில வாரங்களே நீடித்தது. விரைவில் பெருகிய போட்டிப் பள்ளிகளுள் சில அஞ்சல்வழியாகவே பாடம் அனுப்பிப் பட்டமும் வழங்கின. உடலைத் தொட்டுச் செய்யும் சிகிச்சையை ஒரு நோயாளியையும் தொடாமலே கற்றுவிடலாம் என்ற இந்த ஏற்பாடு, தொழிலின் மீது பல தலைமுறைகளுக்கு நீடித்த கறையாயிற்று. உரிமமின்றி மருத்துவம் செய்ததாகப் பாமரே 1906இல் சிறை சென்றார். மறு ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் லா கிராஸ் நகரில் ஷெகதாரோ மோரிகுபோ என்ற கைரோபிராக்டர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், கைரோபிராக்டிக் என்பது மருத்துவத்தினின்று வேறுபட்ட தனித்தொழில் என்ற வாதம் முன்வைக்கப்பட்டு, அவர் விடுதலை பெற்றார். தனித்தொழில் என்றால் தனிச்சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெற்றது. 1913இல் கன்சாஸ் முதலாவதாக உரிமச் சட்டம் இயற்றியது. கலிபோர்னியாவில் 1922இல் மக்களே வாக்களித்து அதை நிறைவேற்றினர். கடைசி மாநிலமான லூசியானா 1974 வரை காத்திருந்தது.

பட்டம் பெற்றவரை மீண்டும் வகுப்பறைக்கு வரவழைத்ததில் நிறுவனரின் மகன் பி. ஜே. பாமருக்குத் தனி இடமுண்டு. 1906 முதல் பள்ளியை நடத்திய அவர், ஆண்டுதோறும் கோடையில் பழைய மாணவர்களை டாவன்போர்ட்டில் கூட்டி, பெரிய கூடாரங்களில் பல நாள் சொற்பொழிவு நடத்தினார். லைசியம் என்றழைக்கப்பட்ட இக்கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். கல்வி, பிரசாரம், திருவிழா ஆகிய மூன்றும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. 1924ஆம் ஆண்டு லைசியத்தில் அவர் நியூரோகலோமீட்டர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். முதுகெலும்பின் இருபுறமும் ஒரே நேரத்தில் தோலில் படுமாறு அமைந்த இரு முனைகளைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கி நகர்த்தினால், இடப்பக்க வெப்பத்துக்கும் வலப்பக்க வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முள் காட்டும். வேறுபாடு தோன்றும் இடத்தில்தான் நரம்பு அழுத்தப்படுகிறது என்றார் அவர். கருவியை விற்காமல் குத்தகைக்கே கொடுத்து, அது இல்லாதவர் முறையாகச் சிகிச்சை செய்ய இயலாது என்றும் வற்புறுத்தினார். குத்தகைத் தொகையோ விரைவிலேயே 2,000 டாலரைத் தாண்டியது. பள்ளியின் முதன்மை ஆசிரியர்கள் நால்வர் வெளியேறி, 1926இல் இண்டியானாபொலிசில் லிங்கன் கல்லூரியைத் தொடங்கினர். கற்பிக்கும் மேடையே விற்பனை மேடையாக மாறும்போது கல்விக்கு என்ன நேரும் என்பதை இத்தொழில் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

1925 முதல் சில மாநிலங்கள் இயற்றிய அடிப்படை அறிவியல் சட்டங்கள் மற்றொரு நெருக்கடியைக் கொணர்ந்தன. உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் முதலான பாடங்களில் பொதுத்தேர்வில் தேறியவரே எந்த மருத்துவ உரிமத்துக்கும் விண்ணப்பிக்கலாம் என்பது அச்சட்டங்களின் சாரம். கைரோபிராக்டர்கள் பெருமளவில் தோற்றதால், சில மாநிலங்களில் புதிதாக உரிமம் பெறுவோரே அருகிப்போயினர். அவர்களைத் தடுப்பதே சட்டத்தை ஆதரித்த மருத்துவர் பலரின் நோக்கம். எனினும் பள்ளிகள் அடிப்படை அறிவியலை ஒழுங்காகக் கற்பிக்கத் தொடங்கியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணமாயிற்று என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இச்சீர்திருத்தத்தின் உண்மையான சிற்பி ஜான் நியூஜென்ட். கைரோபிராக்டர்களின் தேசியச் சங்கத்தின் கல்வி இயக்குநராக 1941இல் பொறுப்பேற்ற அவர், சிறு பள்ளிகளை இணைக்கவும் நான்காண்டுப் படிப்பை நிலைநிறுத்தவும் இடைவிடாது உழைத்தார். பி. ஜே. பாமரோ 18 மாதப் படிப்பே போதுமென்று அவரைக் கடுமையாக எதிர்த்தார். தேசியத் தேர்வு வாரியம் 1963இல் அமைந்தது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கைரோபிராக்டிக் கல்வி மன்றத்தைக் கூட்டாட்சி அரசு 1974இல் ஏற்றுக்கொண்டது.

கல்லூரிக் கல்வி இவ்வாறு நிலைபெற்றபின், பட்டத்துக்குப் பிந்திய கல்வியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு, உரிமம் வழங்கும் மாநில வாரியங்களின் தலையில் விழுந்தது. மாநிலச் சங்க மாநாட்டில் ஓரிரு நாள் வகுப்பில் அமர்ந்தால் உரிமம் புதுப்பிக்கப்படும் என்ற பழைய ஏற்பாடு, மணிக்கணக்கில் எண்ணப்படும் விரிவான முறையாக வளர்ந்தது. நியூயார்க்கில் மூன்றாண்டுக்கு 36 மணிநேரம் என்றால், மருத்துவர்களுக்கான சட்டத்தின் கீழேயே கைரோபிராக்டர்களையும் வைத்துள்ள இல்லினாய்சில் அதே மூன்றாண்டுக்கு 150 மணிநேரம். கலிபோர்னியா 12ஆக இருந்த ஆண்டுக் கணக்கை 24ஆக உயர்த்தியது. நோயாளிகளைப் பெருக்கி வருமானம் கூட்டும் வழிகளைச் சொல்லித்தரும் வகுப்புகளை அக்கணக்கில் சேர்க்க மறுத்தது. இந்த மறுப்பு மிகவும் தேவையான ஒன்று. ஏனெனில் இத்தொழிலின் கருத்தரங்கு உலகில் அத்தகைய வகுப்புகளுக்குக் கூட்டம் எப்போதும் உண்டு. கைராசிக்காரராகப் பெயரெடுப்பது எப்படி என்ற பாடத்தைப் பக்கவாதத்தின் முன்னறிகுறிகள் பற்றிய பாடத்துக்கு இணையாக எண்ணுவது நோயாளிக்குச் செய்யும் துரோகமாகும்.

வார இறுதியில் ஓட்டல் அரங்குகளில் நடக்கும் கருத்தரங்குகளில் வருகையும் வெளியேறலும் கையொப்பத்தால் பதிவாகின்றன. இணையவழிப் பாடங்களிலோ குறித்த நேரம் கழியாமல் அடுத்த பக்கம் திறவாதபடி கடிகாரம் பூட்டப்படுகிறது. இரண்டுமே அமர்ந்திருந்த நேரத்தைத்தான் அளக்கின்றன. 2020இல் பெருந்தொற்று பரவியபோது, நேரில் வர வேண்டும் என்ற விதியைப் பல மாநிலங்கள் தளர்த்தின. சட்டம், நெறிமுறை, நோய்க்குறிப்பு எழுதுதல் போன்றவற்றைத் திரைவழியே கற்பதில் குறையொன்றுமில்லை. ஆனால் கழுத்து மூட்டை எந்தக் கோணத்தில், எவ்வளவு விசையோடு உந்துவது, எந்த நோயாளியிடம் கையை விலக்கிக்கொள்வது என்பவற்றைப் பக்கத்தில் நின்று கையைத் திருத்தும் ஆசிரியரிடமே கற்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் எத்தனை மணிநேரத்தை இணையத்துக்கு விடலாம் என்ற கேள்விக்கு வாரியங்கள் இன்றும் ஒன்றுபட்ட விடை தரவில்லை.