சாதகப் பெட்டியும் டெக்னோவும்: பெங்களூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. கேள்வியும் வரையறையும்

டெக்னோ இசைக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. ஜுவான் அட்கின்ஸும் ரிக் டேவிஸும் சைபோட்ரான் என்ற பெயரில் டெட்ராய்ட் நகரிலிருந்து முதல் இசைத்தட்டை வெளியிட்டது 1981இல். அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் முதலியோரின் படைப்புகளைத் தொகுத்து 1988இல் பிரிட்டனில் ஒரு தட்டு வந்தது. அதன் பிறகே டெக்னோ என்ற பெயர் உலகெங்கும் நிலைத்தது. 2024 மார்ச்சில் ஜெர்மனி பெர்லினின் டெக்னோ பண்பாட்டைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கலகமாகத் தொடங்கிய ஒன்று அரசுப் பட்டியலில் ஏறிவிட்டால், அதிலிருந்து இனியும் புதுமையாளர் பிறப்பாரா என்ற ஐயம் வரத்தான் செய்யும். இசை விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ் 2011இல் எழுதிய ‘ரெட்ரோமேனியா’ நூல் இந்த ஐயத்தை வெகுசன இசை முழுவதற்கும் விரித்தது. எதிர்காலம் வந்து மோதும் அதிர்ச்சியை இந்த நூற்றாண்டின் மின்னணு இசை தருவதே இல்லை என்று பண்பாட்டு விமர்சகர் மார்க் ஃபிஷரும் வருந்தினார்.

இருவரும் பேசியது மேற்குலக இசையை மனத்தில் வைத்து. நான் இதே கேள்வியைப் பெங்களூரில் வைத்துப் பார்க்கிறேன். இந்நகரில் மின்னணுப் பொறியியலும் தாளக் கணக்கும் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று தொடாமல் வளர்ந்தன. டெக்னோவுக்கு வேண்டிய கருவிகளுக்கு உறவான கருவிகள் இங்கேயே தயாராயின. ஆனாலும் அந்தக் கருவிகளிலிருந்து ஒரு டெக்னோ மரபு கிளைக்கவில்லை. ஏன் கிளைக்கவில்லை என்பதற்கு விடை கிடைத்தால், இனி கிளைக்குமா என்பதையும் ஓரளவு கணிக்கலாம்.

புதுமையாளர் என்று இங்கே நான் சொல்வது, பின்னால் வருகிறவர்கள் தாண்டிப்போக முடியாதபடி ஒரு வழியைத் திறந்தவரை. புதிதாக ஒன்றைச் செய்திருப்பது மட்டும் போதாது. அது பிறரால் தொடரப்பட்டிருக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

2. பிழையாகக் கையாளப்பட்ட கருவி

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்ற சிறு பெட்டியை விற்றது. கிட்டார் வாசிப்பவர் தனியே சாதகம் செய்யும்போது பேஸ் கிட்டார்க்காரர் இல்லாத குறையை அது தீர்க்க வேண்டும், நோக்கம் அவ்வளவே. அதன் ஒலி பேஸ் கிட்டாரைப் போல இல்லை. சுரங்களைப் பதிந்துவைப்பதும் பெரும் தலைவலி. வாங்க ஆளில்லாமல் 1984இல் உற்பத்தி நின்றது. மிஞ்சிய பெட்டிகள் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. அப்படிக் கிடைத்த ஒன்றை சிகாகோவின் ஃபியூச்சர் குழு இளைஞர்கள் கையில் எடுத்து, வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகுகளைத் திருகினார்கள். பெட்டி கீச்சிட்டது, குழைந்தது, கதறியது. 1987இல் வெளிவந்து ஆசிட் ஹவுஸ் இசைக்கு வித்திட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ தட்டு அப்படிப் பிறந்தது. டிஆர்-808, டிஆர்-909 தாளப்பெட்டிகளின் கதையும் ஏறக்குறைய இதுவே.

ஆக, பக்கவாத்தியக்காரருக்கு மாற்றாகச் செய்த பெட்டி அந்த வேலையில் தோற்று, விலை சரிந்து, அதன் ஒழுங்கு தெரியாதவர்கள் கையில் சிக்கியது. டெக்னோவும் அதன் உடன்பிறப்பான ஆசிட் ஹவுஸும் அந்தத் தோல்வியின் மேல்தான் எழுந்தன.

கருவி மட்டும் போதுமா? பெர்லினைப் பார்க்கலாம். சுவர் விழுந்தபின் கிழக்குப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்கள் ஏராளம். 1991 மார்ச்சில் திறந்த டிரெசார் என்னும் கிளப், இடிந்துபோன ஒரு பேரங்காடியின் நிலவறைப் பெட்டக அறையில் இயங்கியது. மேற்கு பெர்லினில் விடுதிகளை மூடும் நேரக் கட்டுப்பாடு 1949லேயே நீங்கிவிட்டது. வாடகை அற்பம், இரவு நீளம். ஒரே தாளத்தை எட்டு மணி நேரம் இழைத்துப் பார்க்க முடிந்தது அதனால்தான். தனிமனித மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால் டெட்ராய்ட்டின் ராபர்ட் ஹூட் 1994இல் ‘மினிமல் நேஷன்’ தட்டில் எல்லாவற்றையும் கழித்துவிட்டு எலும்பை மட்டும் மிச்சம் வைத்தபோது, அந்த எலும்பைக் கேட்டு ஆடப் பழகிய கால்கள் ஏற்கெனவே இருந்தன.

3. இந்தியச் சான்றுகள் இரண்டு

முதலாவது அகமதாபாத். அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். இதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான கீதா சாராபாய், 1946இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர். கீதாவோடு அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்துர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே ஒலிநாடாக்களில் படைத்தார்கள். சில ஆண்டுகளில் கூடம் அடங்கியது, நாடாக்கள் அலமாரிக்குப் போயின. பால் பர்கஸ் தேடியெடுத்துத் தொகுத்து அவை வெளிவந்தது 2023இல்.

இரண்டாவது சான்று மும்பை. இந்தித் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் டிபி-303, டிஆர்-808, ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். ‘ஆசிட் டிராக்ஸ்’ வருவதற்கு ஐந்தாண்டு முன்பே அந்தக் குழைவும் கீச்சும் லலித் முதலிய ராகங்களில் கேட்டன. தட்டு விற்கவில்லை. ஒரு டச்சு சேகரிப்பாளரின் முயற்சியால் 2010இல் மறுபதிப்பு வந்ததும், ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியரே என்று மேற்கத்திய இதழ்கள் பரபரத்தன. 2015இல் சிங் காலமானார்.

அந்தப் பரபரப்பு எனக்கு உவப்பில்லை. முந்தியது யார் என்ற பந்தயத்தில் நமக்குப் பதக்கம் தேவையில்லை. சிங் செய்ததை 1982இல் கேட்டு, மறுவாரம் அதைப் போல ஒன்று செய்ய முயன்ற பத்து பேர் மும்பையில் இல்லை. அவர் முதல் நிபந்தனையை நிறைவேற்றினார். இரண்டாவது அவர் கையில் இல்லை. அகமதாபாத் நாடாக்களுக்கும் இதே தீர்ப்புதான். இந்தியாவில் புதுமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை, புதுமையின் அண்டை வீட்டார்தான் இல்லை.

தமிழர்களுக்கு இந்த ஒலி சினிமா வழியே வந்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைக் கையாண்டது நினைவிருக்கும். சினிமாவில் அண்டை வீட்டார் நிறைய உண்டு. ஆனால் மூன்று, நான்கு நிமிடப் பாட்டின் எல்லைக்குள் டெக்னோ மூச்சுவிட முடியாது.

4. பெங்களூரு

4.1 பெட்டி

பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் பெங்களூரில் எலெக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். அவருடைய ரேடல் நிறுவனம் பின்னர் தாளமாலா என்ற எலெக்ட்ரானிக் தபலாவையும் கொண்டுவந்தது. இன்று பாட்டு வகுப்பு நடக்கும் வீடுகளில் இப்படி ஒரு பெட்டியைப் பார்க்காமல் இருப்பது அரிது.

எலெக்ட்ரானிக் தம்பூராவை இசைப் பொருளாக இல்லாமல் இயந்திரமாகப் பாருங்கள். பஞ்சமம், மேல் ஷட்ஜம் இரண்டு, கீழ் ஷட்ஜம் ஒன்று என நான்கு ஒலிகளை வரிசையாக, முடிவில்லாமல் எழுப்புகிறது. சுருதிக்கு ஒரு திருகு, வேகத்துக்கு ஒரு திருகு. டெக்னோ உலகில் இதற்குச் சீக்வென்சர் என்று பெயர். தாளமாலா ஒரு தாளப்பெட்டி, அதில் சந்தேகமே இல்லை. டிபி-303 எதற்காகச் செய்யப்பட்டதோ, துணையில்லாமல் சாதகம் செய்பவருக்குத் துணை என்ற அதே காரணத்துக்காக, ஏறத்தாழ அதே காலத்தில் பெங்களூரிலும் பெட்டிகள் பிறந்தன.

வேறுபாடு ஒன்றுதான். பெங்களூரின் பெட்டி வெற்றி பெற்றது. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்ததால் அது மலிந்து தெருவுக்கு வரவில்லை. பூஜை அறைக்குப் பக்கத்து அறையில் மரியாதையோடு உட்கார்ந்துகொண்டது. அதைத் தவறாகக் கையாளும் துணிச்சல் பாட்டு வாத்தியாரின் முன்னால் யாருக்கு வரும்? நகரமும் இரண்டாகப் பிரிந்துகிடந்தது. ஒரு பக்கம் 1905இல் தொடங்கிய காயன சமாஜமும், 1939 முதல் சாமராஜப்பேட்டையில் ராமநவமிக் கச்சேரிகள் நடத்தும் ராமசேவா மண்டலியும். இன்னொரு பக்கம் எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு பப்களும் அவற்றின் ராக் இசையும். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான், போக்குவரத்துதான் இல்லை.

4.2 இரவு

பெங்களூரில் நடனக்கூடம் நடத்த 2005ஆம் ஆண்டு ஆணையின்படி காவல்துறை உரிமம் வேண்டும். நேரடி இசை, காபரே, டிஸ்கோத்தே மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிய ஆணை அது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த ஆண்டே உரிமம் கேட்டுக் காவல்துறை கெடுபிடி காட்ட, பல விடுதிகளில் மேடை அடங்கிப்போனது. புதுக் குழுக்களுக்கு மேடை தந்த இந்திராநகரின் ஹம்மிங் ட்ரீ 2013இல் திறந்து 2019இல் மூடியது. இன்று விடுதிகள் நள்ளிரவு 1 மணிக்குக் கதவடைத்தாக வேண்டும். பெர்லினில் அந்த நேரத்துக்குத்தான் கூட்டம் வரவே தொடங்கும்.

இதே நகரில் சைத்ர மாதப் பௌர்ணமியன்று கரகம் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்பட்டு விடிய விடிய வீதிகளைச் சுற்றுகிறது. இரவெல்லாம் தாளத்தோடு நடப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. உரிமப் படிவத்துக்குத்தான் அது தெரியவில்லை.

சட்டம் இறுக்கினால் கலை செத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டன் 1994இல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளமுள்ள கூடுகைகளைச் சட்டத்தால் அடக்கியபோது, ஆட்டெக்கர் என்ற இருவர் குழு, எந்த இரண்டு தாளக்கட்டும் ஒன்றாக இல்லாதபடி ஓர் இசைத்துண்டைச் செய்து சட்டத்தைக் கேலி செய்தது. நெருக்கடி அங்கே இலக்கணத்தை மாற்றியது. பெங்களூரு நெருக்கடி இதுவரை நிகழ்ச்சி முடியும் நேரத்தை மட்டுமே மாற்றியிருக்கிறது.

4.3 தாளம்

புதுமைக்கு இடம் எங்கே இருக்கிறது? ஒலியில் இல்லை என்பது என் கணிப்பு. எந்த ஒலியையும் இன்று மடிக்கணினியில் உண்டாக்கலாம். அதனாலேயே எந்த ஒலியும் யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. காலத்தைப் பகுக்கும் முறையில்தான் டெக்னோ இன்னும் ஏழை. நான்கு அடி, அடிக்கு நான்கு, ஆகப் பதினாறு கட்டங்கள். டிஆர்-808 முகப்பில் பதினாறு பொத்தான்கள். இந்தச் சட்டகம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பதினாறின் மேல் ஐந்து கட்டச் சொற்கட்டு ஒன்றை ஓடவிட்டால் எண்பதாவது கட்டத்தில், அதாவது ஐந்தாவது சுற்றின் முடிவில், இரண்டும் கூடும். ஏழு கட்டமானால் ஏழு சுற்று. மிருதங்க மாணவனுக்கு இது தொடக்கப் பாடம். டெக்னோ எதிர்பார்ப்பை உண்டாக்கும் வழி வேறு. அடித்தாளத்தை நிறுத்திவைத்து, ஒலியை ஏற்றி, மீண்டும் தாளத்தை விழவிடும். கர்நாடகத் தாளத்தின் கோர்வையோ ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லிச் சரியாக எடுப்பில் வந்து விழும். கேட்பவர் காத்திருப்பது இரண்டிலும் ஒன்றுக்காகத்தான். முன்னது மறைத்துவைத்துக் காக்க வைக்கிறது, பின்னது கணக்கைக் கண்முன் விரித்துக் காக்க வைக்கிறது. இரண்டையும் ஒரே மேடையில் இணைத்து ஒரு வழியாக்கியவர் எவரையும் நான் கேட்டதில்லை.

அதற்கான மனிதர்கள் பெங்களூரில் இருந்தார்கள். டி. ஏ. எஸ். மணி வழிநடத்திய கர்நாடக தாளவாத்தியக் கல்லூரி, சாக்சஃபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் சேர்ந்து 1983இல் ஜெர்மனியின் ஈசிஎம் நிறுவனத்துக்காக ‘ஜோதி’ என்ற தட்டைப் பதிவு செய்தது. ஆர். ஏ. ராமமணியின் குரல் அதில் ஒலிக்கிறது. அது ஜாஸ் திசையில் திறந்த கதவு. நடனக்கூடத்தின் திசையில் அப்படி ஒன்று திறக்கவில்லை.

இன்னொரு கதவு நமக்குத் தெரியாமலே திறந்தது. 1980களின் தொடக்கத்தில் இசை ஆய்வாளர் ஜிம் கிப்பன் லக்னோவில் உஸ்தாத் அஃபாக் உசேன் கானிடம் தபலா கற்றார். அந்தச் சொற்கட்டுகளின் இலக்கணத்தைக் கணினிக்குச் சொல்லித்தர அவரும் பெர்னார்ட் பெல்லும் ‘போல் புராசசர்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். ஷெஃபீல்டின் அலெக்ஸ் மெக்லீன் தம் டைடல் சைக்கிள்ஸ் மென்பொருளின் தாளக் குறியீட்டை அதிலிருந்து தூண்டுதல் பெற்று அமைத்தார். கூட்டத்தின் முன்னால் நிரல் எழுதியே இசை எழுப்பி ஆடவைக்கும் ‘ஆல்கோரேவ்’ இரவுகளில் இன்று அந்தக் குறியீடு புழங்குகிறது. மென்பொருள் நகரமான பெங்களூருக்கு லக்னோ தாளம் ஷெஃபீல்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது!

5. இரண்டு மறுப்புகள்

ஆடுகிறவர் கணக்குப் போடுவாரா என்று கேட்பார்கள். திருச்சூர் பூரத்தில் செண்டை மேளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் கையை உயர்த்தித் தாளம் போடுவதைப் பார்த்தவர் இப்படிக் கேட்கமாட்டார். பழகிய உடம்புக்குக் கணக்கு தனியாகத் தெரியவேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. இதெல்லாம் பழைய ‘ஃபியூஷன்’ சரக்கே அல்லவா? சிதார் துணுக்கையும் ஆலாபனையையும் டெக்னோமீது தூவிய தட்டுகள் குவிந்துகிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அலங்காரம் என்பதே என் தீர்ப்பும். சிதாரை எடுத்துவிட்டாலும் கீழே உள்ள பதினாறு கட்டம் அசையாமல் இருக்கும். அடித்தளமே அசைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

6. இனி

இன்றைய பெங்களூரில் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. ராகுல் கிரி முதலியோர் நடத்தும் கன்சாலிடேட் வெளியீட்டகம், எந்த வகையிலும் அடங்காத தனிக்குரல்களுக்கு இடம் தந்திருக்கிறது. இண்டியன் சோனிக் ரிசர்ச் ஆர்கனைசேஷன் என்ற குழு கையாலேயே கருவிகள் செய்து வாசிக்கிறது. விண்வெளி நிறுவனம் இருக்கும் ஊரில் இஸ்ரோ என்று சுருங்கும் பெயரை வைத்துக்கொண்ட குறும்பை மெச்சத்தான் வேண்டும். சிங்குக்குக் கிடைக்காத அண்டை வீட்டார் இங்கே மெல்லச் சேர்கிறார்கள். கூட்டம் சிறிது, ஆனால் ஒருவர் செய்ததை மற்றவர் மறுவாரம் கேட்கிறார்.

டெக்னோ இன்னொரு அட்கின்ஸைத் தராது. அந்த வேலை முடிந்துவிட்டது. காலத்தை வேறுவிதமாகப் பகுத்து ஆடவைக்கும் ஒருவரைத் தரும், அவர் தாளக் கல்வி தழைத்த ஊரிலிருந்து வர வாய்ப்பு அதிகம் என்று நான் கருதுகிறேன். அவருக்கு அரசு செய்யக்கூடியது, சிறு இசைக்கூடங்களை காபரே பட்டியலிலிருந்து பிரித்துத் தனி உரிமம் தருவது. நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மல்லேஸ்வரத்திலோ மயிலாப்பூரிலோ உங்கள் வீட்டுப் பரணில் பழுதான தம்பூராப் பெட்டியோ தாளப்பெட்டியோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பற்றவைக்கத் தெரிந்த, பாட்டு வாத்தியாருக்குப் பயப்படாத ஒரு இளைஞர் கையில் கொடுங்கள்.