முதல் மீண்ட பிறகே இலாபம்: மருதமுனைத் துணியின் விற்பனைக் கணக்கு

மருதமுனைக் கைத்தறி ஏன் சுருங்கியது என்று கேட்டால் கல்முனைப் பகுதியில் மூன்று பதில்கள் உடனே வரும்: 1977இல் திறந்துவிடப்பட்ட இறக்குமதி, அதன்பின் வந்த போர், 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி. மூன்றும் உண்மைதான். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இந்த அடிகளைத் தாங்க முடியாத அளவுக்குத் தறிக்காரர் கையில் மிச்சம் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது? துணியை நெய்ய ஆகும் செலவு ஒன்று, அதை விற்க ஆகும் செலவு வேறொன்று. இந்த இரண்டாவது செலவை யார் சுமப்பது என்பதற்குப் பழைய வியாபாரத்தில் தெளிவான விடை இருந்தது. இடையில் வந்த தட்டுப்பாட்டுக் காலத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. மீண்டும் எழுந்தபோது விடை சொல்ல ஆளில்லை. மருதமுனையின் கதையை இப்படிப் படித்தால்தான் அது முழுமையாகப் புரியும் என்பது என் வாதம்.

மருதமுனை இருக்கும் இன்றைய அம்பாறை மாவட்டம் 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேய்றோஸ் எழுதியிருக்கிறார். கரையோர முஸ்லிம்களுக்கும் மலைநாட்டுக்கும் இடையே நடந்த வியாபாரத்தின் முதுகெலும்பு தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டம். உப்பும் கருவாடும் துணியும் உள்நாட்டு வெல்லஸ்ஸைப் பக்கம் ஏறின. பாக்கும் தேனும் மெழுகும் இறங்கின. மாட்டுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு பொதி நிறைந்தாலும் குறைந்தாலும் அநேகமாக ஒன்றுதான். அந்தச் செலவைத் துணி தனியே சுமக்கவில்லை. உடன் போன உப்பும் திரும்பி வந்த பாக்கும் அதில் பங்கெடுத்தன. ஆகவே துணியில் சிறிது இலாபம் வைத்தாலே பயணம் கைகூடியது.

இந்த முஸ்லிம் சமூகத்தின் சட்ட மரபிலும் இதே கணக்கு உண்டு. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து வியாபாரம் செய்யும் கூட்டை முழாரபா, கிராழ் என்பார்கள். அதில் போட்ட முதல் மீளும்வரை இலாபம் என்ற ஒன்று பங்கிடப்படுவதில்லை. இன்று வணிகக் கல்வி மாணவர் சமப்பாட்டுப் புள்ளி என்று வரைபடத்தில் குறிப்பது இதற்கு மிக நெருங்கியதுதான். விற்பனைச் செலவைப் பற்றியும் சட்ட அறிஞர்கள் நுணுக்கமாக வாதிட்டார்கள். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் என்ற சட்டப் பிரிவில், 13ஆம் நூற்றாண்டு இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ முக்கியமான நூல். துணியை மடிப்பது போன்ற வழக்கமான வேலைகளை உழைப்பவரே செய்ய வேண்டும், பாரமான சரக்கை நிறுப்பது போன்றவற்றுக்குக் கூலியாள் வைத்தால் அதை முதலிலிருந்து கொடுக்கலாம் என்று அது பிரிக்கிறது. பயணத்தில் தன் சாப்பாட்டுச் செலவை முதலிலிருந்து எடுக்க முடியாது என்பதே அதில் வலுவான கருத்து. ஹனபி மத்ஹப் அதை அனுமதிக்கிறது. தீர்ப்பில் வேறுபட்டாலும் விற்பனைச் செலவுக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத் துணித் தட்டுப்பாடு இந்தக் கணக்கைத் தேவையற்றதாக்கியது. துணி பங்கீட்டுக்கு வந்தது. கைத்தறித் துணி கேட்கிறவர்கள் கூடினார்கள். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை மேலும் இறுக்கப்பட்டது. சலுசல போன்ற அரச நிறுவனங்களும் கூட்டுறவுக் கடைகளும் துணி விநியோகத்தைக் கையில் வைத்திருந்தன. அன்று தறிக்காரரின் கவலை நூல் கிடைக்குமா என்பதே. நூல் கிடைத்தால் பாவு ஓடும், தார் சுற்றப்படும், துணி இறங்கும். இறங்கிய துணி நிற்காது. வாங்குகிறவர் தேடி வந்த அந்த ஆண்டுகளில் விற்பனைச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. வீட்டுப் பெண்கள் தார் சுற்றியதற்கும் பிள்ளைகள் கூடமாட உதவியதற்கும் கூலி எழுதும் வழக்கமும் இல்லை. தட்டுப்பாடு நீடித்தவரை இந்த இரண்டு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தோடு இறக்குமதி திறந்தது. டொலர் சுமார் 16 ரூபாய் என்று மறுமதிப்பிடப்பட்டது. இனித் துணியைக் கொண்டுபோய் விற்க வேண்டும்: பெருநாள் காலக் கடை வாடகை, லொறிக் கூலி, தங்குமிடம், கழிவு விலை, கடன். இதன் பாரத்தை எண்களில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒரு சாரம் 1,500 ரூபாய். அதில் நூலும் சாயமும் 800, நெசவுக் கூலி 400. பெருநாள் விற்பனைக்குப் போகும் மொத்தச் செலவு 30,000. சாரம் ஒன்றில் மிஞ்சுவது 300. ஆக 100 சாரம் விற்றால்தான் போட்டது மீளும். பத்து வீதம் கழிவு கொடுத்தால் மிச்சம் 150 ஆகிவிடும். விற்க வேண்டியது 200. கழிவு பத்தில் ஒரு பங்கு, வேலையோ இரண்டு மடங்கு. அதோடு எல்லாவற்றையும் கடனுக்கு விற்று அதில் நூற்றுக்கு ஐந்து திரும்பாவிட்டால் 364 சாரம் வேண்டும். இனி, நெசவு வீட்டில் நடப்பதால் தறிக்காரர் கூலியை எழுதாமல் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 43 சாரத்திலேயே முதல் மீண்டதாகத் தெரியும். கழிவு கொடுத்தாலும் 55தான். பன்னிரண்டு சாரம் கூட விற்றால் போதும் என்ற நினைப்பில் அவர் தாராளமாக விலையைக் குறைப்பார். 120 சாரம் விற்றுக் கையில் காசோடு திரும்புவார். கூலியை எழுதிப் பார்த்தால் அந்தப் பயணம் நட்டம்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, ஆலைத் துணியின் மலிவே எல்லாவற்றுக்கும் காரணம், கணக்கு எழுதியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பது. மலிவின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மலிவான போட்டித் துணி தறிக்காரரைத் தாக்குவது அவருடைய மிச்சத்தின் வழியாகத்தான். விலையைக் குறைத்து எதிர்த்தால் மேலே பார்த்தபடி சமப்பாட்டுப் புள்ளி எட்டாத தூரத்துக்கு ஓடும். விலையால் ஒப்பிட முடியாத வேலைப்பாட்டுக்குப் போனால், அல்லது முன்கூட்டிய ஓடருக்கு மட்டும் நெய்தால், விற்பனைச் செலவு குறையும். மருதமுனைக் கைத்தறிச் சேலைக்கு இன்றும் பெயர் இருப்பது இந்த இரண்டாம் வழி அடைபடவில்லை என்பதற்குச் சான்று. இரண்டாவது, போரும் சுனாமியும். பாதைகள் மூடப்பட்டதும் தறிகளைக் கடல் கொண்டுபோனதும் கணக்குப் பிழைகள் அல்ல. எந்தக் கணக்கும் அவற்றைத் தடுத்திருக்காது. எனினும் பாதை மூடும்போது ஏறுவது பயணச் செலவு, அதாவது விற்பனைச் செலவே. அதைப் பகிர வேறு சரக்கு இல்லாத தொழிலில் முழுப் பாரமும் துணிமேல் விழுந்தது.

மூன்றாவது மறுப்பே கனமானது. வீட்டு உழைப்புக்குக் கையிலிருந்து காசு போகவில்லையே, அதை ஏன் செலவாக எழுத வேண்டும்? வேறு வேலையே இல்லாத காலத்தில் இந்த வாதம் செல்லும். நெய்யாத நாள் வெறும் நாள்தான் என்றால் கிடைத்ததெல்லாம் மிச்சம். ஆனால் 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகள் இந்தக் கரையோர ஊர்களின் இளைஞர்களை அழைத்தன. அவர்களுடைய உழைப்புக்கு ஒரு விலை வந்துவிட்டது. தறிக்காரர் எழுதாமல் விட்ட கூலியை வெளிநாட்டுச் சம்பளம் எழுதிக் காட்டியது. பிள்ளைகள் தறியை விட்டு விமானம் ஏறியது தொழிலில் பற்றில்லாததால் என்று குறை சொல்வது நியாயமில்லை. அவர்கள் சரியாகக் கூட்டிப் பார்த்தார்கள்.

பெருநாள் விற்பனைக்கோ கண்காட்சிக்கோ சரக்குக் கட்டும் எவரும் முதலில் வீட்டாரின் கூலியை எழுதட்டும். அடுத்துப் பயணத்தையும் கடையையும் வராக் கடனையும் எழுதட்டும். எத்தனை துணியில் முதல் மீளும் என்று பார்த்த பிறகே கழிவு எவ்வளவு என்று முடிவு செய்யட்டும். அந்த எண்ணிக்கை தறிகள் நெய்யக்கூடியதைவிட அதிகம் என்றால் அந்த விற்பனைக்குப் போகாமலிருப்பதே இலாபம்.